கண்ணாடி மாற்றினால் போதுமா?

எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு தையற்காரர் இருப்பார். அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 54. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே அவருக்குக் கிட்டப்பார்வை. பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். தூரத்தில் இருப்பது மங்கும். அதற்காக மைனஸ் பவர் கண்ணாடி போட்டிருக்கிறார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் வெள்ளெழுத்து வந்து ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிறார்கள். அவர் அப்படி இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைப்பார். ஊசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோவார். ஒரே முயற்சியில் நூலைக் கோத்துவிடுவார். "என் கண்ணுக்கு வயசே ஆகலை" என்று சிரிப்பார்.

இரண்டு வருடமாக அவரிடம் ஒரு மாற்றம். இடது பக்கம் வைத்த கத்தரிக்கோலைத் தட்டிவிடுகிறார். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்கிறார். ஒருநாள் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்ததைக் கவனிக்காமல் குறுக்கே போய்விட்டார்.

"என்னங்க, கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்" என்றார் மனைவி.

அவர் கண்ணாடிக் கடைக்குப் போனார். பவர் கொஞ்சம் மாறியிருந்தது. புதுக் கண்ணாடி வாங்கினார். எட்டு மாதம் கழித்து இன்னொன்று. அடுத்த ஆண்டு மூன்றாவது. மூன்று கண்ணாடிக்கும் பணம் போனது. தோள் இடிப்பது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேதான் தெரிந்தது. அவர் கண்ணில் இருந்தது இரண்டு குறைகள். ஒன்று கிட்டப்பார்வை. அதற்குக் கண்ணாடி உண்டு. இன்னொன்று கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். அதற்குக் கண்ணாடி கிடையாது.

கண்ணாடி எதைச் சரி செய்கிறது?

கண் ஒரு கேமரா போல வேலை செய்கிறது. முன்னால் கடிகாரக் கண்ணாடி போன்ற தெளிவான பகுதி இருக்கிறது. அதன் பின்னால் ஒரு லென்ஸ். கடைசியில் விழித்திரை. வெளியிலிருந்து வரும் ஒளி சரியாக விழித்திரையின் மேல் குவிய வேண்டும். அப்போதுதான் காட்சி தெளிவாக விழும்.

பெரியவர்களின் கண், முன்னிருந்து பின்னாக அளந்தால் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சிலருக்கு அது கூடுதலாக வளர்ந்துவிடுகிறது. ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். இது கிட்டப்பார்வை. சிலருக்குக் கண் குட்டையாக இருக்கும். இது தூரப்பார்வை. கண்ணின் முன்பகுதி ஒரே சீராக வளையாமல் ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால், அது சிதறல் பார்வை. வயது 40-ஐத் தாண்டும்போது லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது வெள்ளெழுத்து.

இவை எல்லாம் ஒளி குவிகிற இடம் தவறுவதால் வருபவை. கண்ணாடி அந்த இடத்தைச் சரி செய்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு மில்லிமீட்டர் நீள வித்தியாசத்துக்குக் கண்ணாடியின் பவர் சுமார் 2.5 முதல் 3 வரை மாறும் என்றால், கண் எவ்வளவு நுட்பமான பொருள் என்று பாருங்கள்.

தையற்காரர் ஊசி கோத்த ரகசியமும் இதுதான். கிட்டப்பார்வைக்காரர்களின் கண் அருகில் இருப்பதைக் கண்ணாடி இல்லாமலே தெளிவாகக் காட்டும். அது வயது ஆகாத கண் அல்ல. நீளமான கண்.

விழித்திரையில் விழுந்த காட்சி மூளைக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுபோவது பார்வை நரம்பு. அதற்குள் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. கிளாக்கோமாவில் கெடுவது இந்த நரம்பு. டி.வி. பெட்டியின் கண்ணாடியில் தூசி படிந்தால் துடைக்கலாம். பின்னால் கேபிள் அறுந்துபோனால் கண்ணாடியை எவ்வளவு துடைத்தும் பயன் இல்லை.

கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. இழை இழையாகப் போகிறது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். ஆகையால் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவருக்குக் கூட இந்த நோய் முற்றியிருக்கலாம். வலி இருக்காது. ஒரு கண்ணில் மறைந்ததை மறு கண் ஈடு கட்டிவிடும்.

இந்தியாவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேருக்குக் கிளாக்கோமா இருக்கும் என்று 2010-இல் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். வீடு வீடாகப் போய்ச் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. நோய் இருந்தவர்களில் 10 பேருக்கு 9 பேர், தங்களுக்கு நோய் இருப்பதையே அறியாமல் இருந்தார்கள்.

அதிலும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. பவர் கூடக் கூட வாய்ப்பும் கூடும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இருந்தாலும் கூடும்.

ஏரியும் மதகும்

கண்ணுக்குள் எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணீர் வெளியே வழிவது. இது உள்ளேயே சுரந்து, உள்ளேயே ஓடி, இரத்தத்தில் கலப்பது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் வெளியேறிப் புது நீர் வந்துவிடும்.

ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. மதகு வழியாகப் போகிறது. வரவும் போக்கும் சரியாக இருந்தால் ஏரி ஒரே மட்டத்தில் நிற்கும். மதகில் சேறு அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறும். கரைக்கு ஆபத்து. கண்ணிலும் அப்படித்தான். நீர் வெளியேறும் மதகு, கண்ணின் முன்பக்க மூலையில் வளையமாக இருக்கிறது. அது அடைத்தால் கண்ணின் அழுத்தம் கூடும். பின்னால் இருக்கும் நரம்பு நசுங்கும்.

இதை இரத்த அழுத்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் கையில் பட்டை கட்டி அளப்பது. கண் அழுத்தம் கண்ணில் கருவி வைத்து அளப்பது. பெரும்பாலானவர்களுக்குக் கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும். ஆனால் 18 இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. எனவே அளவை மட்டும் பார்த்து மருத்துவர் திருப்தி அடைய மாட்டார். கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பைப் பார்ப்பார். ஓரப் பார்வையைச் சோதிப்பார். ஒரு பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்க்க வேண்டும். எங்காவது ஒளிப்பொட்டு மின்னினால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இதற்குப் பீல்டு டெஸ்ட் என்று பெயர். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்தால் இவை எதுவும் நடக்காது. கடைக்காரர் மீது குற்றம் இல்லை. அவர் வேலை அது அல்ல.

தையற்காரருக்கு வலது கண்ணில் அழுத்தம் 24. இடது கண்ணில் 34. இடது கண்ணின் பீல்டு படத்தில் பாதி கறுப்பாக இருந்தது.

"ஆபரேஷன் செய்தால் தெளிவாகத் தெரியுமா?"

முதலில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்குச் சொட்டு மருந்தே போதும். நாள் தவறாமல், குறித்த நேரத்தில் விட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண் அழுத்தத்துக்கான சில சொட்டு மருந்துகள் மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

தையற்காரரின் வலது கண் மருந்துக்கு அடங்கியது. இடது கண் அடங்கவில்லை. மூன்று வகைச் சொட்டு விட்டும் 26-க்குக் கீழே இறங்கவில்லை. கறுப்புப் பகுதி மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்றார் மருத்துவர்.

"ஐயா, செய்தால் தெளிவாகத் தெரியுமா?"

"தெளிவாகாது. போன பார்வை திரும்ப வராது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் இந்த ஆபரேஷன்."

தையற்காரருக்கு இது புரியவில்லை. அவருடைய அண்ணனுக்குக் கண்புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்றே உலகம் பளிச்சென்று தெரிந்தது. இவர் ஆபரேஷன் செய்தும் தெரியாது என்கிறாரே? அப்படியானால் எதற்கு ஆபரேஷன்?

பல பேர் இந்த இடத்தில்தான் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். கண்புரை என்பது லென்ஸ் மங்குவது. மங்கிய லென்ஸை எடுத்து வேறு லென்ஸ் வைக்கலாம். நரம்பை எடுத்து வேறு நரம்பு வைக்க முடியாது. இரண்டும் கண் ஆபரேஷன்தான். ஒன்று பார்வையைத் தருவதற்கு. மற்றது மிச்சம் உள்ள பார்வையைக் காப்பதற்கு.

என்ன செய்வார்கள்? மதகு அடைத்த ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கலிங்கு கட்டுவது போன்ற வேலை இது. மேல் இமை மூடும் இடத்தில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு கதவு போல வெட்டுவார்கள். அதன் அடியில் ஒரு சிறு திறப்பு. கதவை மெல்லிய நூலால் லேசாகத் தைப்பார்கள். மிஞ்சிய நீர் அந்த வழியாகக் கசிந்து வெளியேறும். மேலே மெல்லிய தோல் சிறு கொப்புளம் போல உப்பி நிற்கும். இமைக்குள் மறைந்திருப்பதால் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. கதவு எதற்கு என்றால், நீர் ஒரேயடியாக ஓடிவிடாமல் தடுக்க.

இந்த வேலைக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. சென்னை அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. இன்று எழும்பூரில் இருக்கிறது. அங்கே தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1909-இல் கிளாக்கோமா நோயாளிகளுக்கு ஒரு புது முறையில் அறுவைச் சிகிச்சை செய்தார். சிறிய வட்டக் கத்தியால் கண்ணின் சுவரில் ஒரு துளை போடுவது அந்த முறை. உலகம் முழுதும் அதைப் பின்பற்றினார்கள். அதில் நீர் அளவுக்கு மேல் வடிந்துவிடும் தொல்லை இருந்தது. 1968-இல் இங்கிலாந்தில் கேர்ன்ஸ் என்ற மருத்துவர் துளைக்கு மேலே கதவு வைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். இன்று செய்வது அதன் வழியில் வந்தது.

சிலருக்குத் திறப்பு தழும்பாகி மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மெல்லிய குழாயைக் கண்ணுக்குள் பொருத்துவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் குழாய் விலை அதிகம். மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் இப்போது குறைந்த விலையில் இதைச் செய்து தருகிறது.

பழைய கண்ணாடி ஒத்துப்போகவில்லை

தையற்காரர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். ஊசி போட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்தார்கள். வலி தெரியவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அழுத்தம் 10-க்கு வந்துவிட்டது.

ஆனால் ஒரு வாரம் கழித்துப் பழைய கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எதிர்க் கடைப் பெயர்ப்பலகை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கழற்றினாலும் மங்கல். போட்டாலும் மங்கல்.

கடைக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துக்கிட்டீரே" என்றார் ஒருவர். "மருந்தை நிறுத்திப் பாரும்" என்றார் இன்னொருவர். மருந்தை மட்டும் அவர் நிறுத்தியிருந்தால், திறந்த வழி தழும்பாகி மூடியிருக்கும். ஆபரேஷன் வீணாகியிருக்கும். மனைவி விடவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

கண் கெடவில்லை. கண்ணின் வடிவம்தான் கொஞ்சம் மாறியிருந்தது.

காற்று நிரப்பிய பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கினால் பந்து தளரும். 34-இல் இருந்த அழுத்தம் 10-க்கு இறங்கியதும் கண்ணும் சற்றே தளர்கிறது. அதன் நீளம் ஒரு மயிரிழை குறைகிறது. நீளம் குறைந்தால் மைனஸ் பவர் மாறும். அத்தோடு, போட்ட தையல் கண்ணின் முன்பகுதியை ஒரு பக்கமாக இழுக்கிறது. துணியில் தையல் இறுகினால் அந்த இடம் சுருங்கி இழுக்கும் அல்லவா? தையற்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது மருத்துவருக்குக் கஷ்டமாக இல்லை. அந்த இழுப்பால் வருவது சிதறல் பார்வை.

தையல் தளரத் தளர, புண் ஆற ஆற, இது பெருமளவு சரியாகும். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை புதுக் கண்ணாடிக்குச் செலவு செய்ய வேண்டாம். இந்த வாரம் எடுத்த பவர் அடுத்த மாதம் பொருந்தாது. அவசர வேலை இருப்பவர்கள் பழைய கண்ணாடியை வைத்தே சமாளிக்கலாம். மூன்று மாதம் கழித்துப் பவர் பார்த்துக் கண்ணாடி வாங்குவதுதான் காசுக்கும் கண்ணுக்கும் நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மங்கல் எல்லாமே கண்ணாடியால் தீருகிற மங்கல் அல்ல. அழுத்தம் தேவைக்கு மேல் குறைந்துபோனால் விழித்திரையில் மடிப்பு விழும். இளவயதுக்காரர்களுக்கும், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். அவர்கள் சொன்ன தேதிகளில் கட்டாயம் போக வேண்டும். கண் சிவந்து, வலித்து, பீளை கட்டி, பார்வை மங்கினால் அன்றைக்கே போக வேண்டும். ஆபரேஷன் செய்து ஐந்து வருடம் ஆகியிருந்தாலும் இது பொருந்தும். மேலே உப்பி நிற்கும் அந்த மெல்லிய தோல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடலாம். கண்ணைக் கசக்கக் கூடாது. கண்ணில் ஒட்டும் கான்டாக்ட் லென்ஸை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

பிளஸ் பவர்காரர்கள்

இதுவரை சொன்னது மதகில் சேறு படிவது போன்ற நோய். இன்னொரு வகை உண்டு. மதகு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு துணி வந்து வாயை அடைத்துக்கொள்ளும்.

தூரப்பார்வைக்காரர்களின் கண் குட்டையானது. உள்ளே இடம் குறைவு. கண்பாப்பாவைச் சுற்றி உள்ள திரை மதகுக்கு மிக அருகில் இருக்கும். வயது ஆக ஆக லென்ஸ் தடிக்கும். திரையை முன்னால் தள்ளும். ஒருநாள் மதகு மூடிக்கொள்ளும். பெண்களுக்கு இது அதிகம். இந்தியாவில் இது அபூர்வமான நோய் அல்ல.

திடீரென்று மூடினால் கண்ணும் தலையும் பிளப்பது போல் வலிக்கும். வாந்தி வரும். கண் சிவக்கும். விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரியும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்று கஷாயம் கொடுப்பார்கள். தலைவலி என்று மாத்திரை கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் கண் போய்விடும். இது பாம்புக்கடி போல அவசரமான காரியம். மெல்ல மெல்ல, வலியில்லாமல் மூடிக்கொள்ளும் கண்களும் உண்டு.

முதலில் மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்குவார்கள். பிறகு லேசர் ஒளியால் திரையில் ஊசிமுனை அளவு ஓட்டை போடுவார்கள். கத்தி இல்லை. தையல் இல்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம். மறு கண்ணிலும் மதகு குறுகலாகத்தான் இருக்கும். அதற்கும் போட்டுக்கொள்ள வேண்டும்.

தடித்த லென்ஸையே எடுத்துவிட்டால் என்ன? பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மதகு மூடி அழுத்தமும் ஏறிய நிலையில், புரை இல்லாவிட்டாலும் லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைப்பது லேசரைவிட நல்ல பலன் தந்தது. மெல்லிய செயற்கை லென்ஸ் வந்ததும் உள்ளே இடம் கிடைக்கிறது. மதகு திறக்கிறது. வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்குப் போட்டு வைப்பதால் பழைய பிளஸ் பவரும் பெரும்பாலும் போய்விடும். ஒரே ஆபரேஷனில் கண்ணாடிக் குறையும் அழுத்தமும் சேர்ந்து குறைவது இந்த ஒரு வகையில்தான். இதைப் பார்த்து மைனஸ் பவர்காரர், "எனக்கும் அதையே செய்யுங்கள்" என்று கேட்டால் பொருந்தாது. அவர் கண்ணில் இடப் பற்றாக்குறை இல்லை.

புரையும் சேர்ந்து இருந்தால்

வயதானவர்கள் பலருக்குக் கண்புரையும் கிளாக்கோமாவும் சேர்ந்தே இருக்கும். கலிங்கு கட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு புரை சீக்கிரம் முற்றுவதும் உண்டு. சிலருக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்வார்கள். சிலருக்குத் தனித்தனியே. அழுத்த ஆபரேஷன் முதலில் நடந்திருந்தால், கண் நிலைப்படும் வரை காத்திருந்து, பிறகுதான் புரைக்கு லென்ஸ் அளவு எடுப்பார்கள். கண்ணின் நீளம் மாறிக்கொண்டிருக்கும்போது அளவு எடுத்தால் லென்ஸின் பவர் தவறிவிடும்.

கண்ணாடியே வேண்டாம், தூரமும் கிட்டவும் ஒரே லென்ஸில் தெரியும் என்று விலை உயர்ந்த லென்ஸைப் பற்றிச் சொல்வார்கள். நரம்பு கெட்ட கண்ணுக்கு அது ஏற்றது அல்ல. அந்த லென்ஸ் ஒளியைப் பங்கு போட்டுத் தருகிறது. ஏற்கெனவே மங்கலில் தடுமாறும் கண்ணுக்கு இன்னும் மங்கலாகும். சாதாரண லென்ஸும், படிக்க ஒரு கண்ணாடியும் போதும்.

இளம் வயதுக்காரர்களுக்கு ஒரு சொல். மைனஸ் பவரை லேசரால் நீக்கிக்கொள்கிறவர்கள் இப்போது அதிகம். கல்யாணத்துக்கு, போலீஸ் வேலைக்கு என்று பல காரணம். அந்த லேசர், கண்ணின் முன்பகுதியை இழைத்து மெலிதாக்குகிறது. அந்த இடத்தின் தடிமனே அரை மில்லிமீட்டர்தான். மெலிந்த இடத்தில் கருவி வைத்து அளந்தால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 24 இருப்பது 18 என்று தெரியலாம். கண்ணாடி போய்விட்டது, ஆனால் கண் நீளமாகத்தான் இருக்கிறது. கிளாக்கோமா வரும் வாய்ப்பும் அப்படியே இருக்கிறது. ஆகவே லேசருக்கு முன் எடுத்த அளவுகளை எழுதி வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். 20 வருடம் கழித்துப் பார்க்கும் மருத்துவரிடம் லேசர் செய்ததைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கிளாக்கோமா இருப்பவர்கள் இந்த லேசரைத் தேடிப் போகாமல் இருப்பது நல்லது.

கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்து. அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். அதனால் மாதக்கணக்கில் விடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பள்ளிப் பிள்ளைகள் இப்படிப் பார்வை இழந்திருக்கிறார்கள்.

பிறவியிலேயே வரும் கிளாக்கோமாவும் உண்டு. குழந்தையின் கண் இயல்பைவிடப் பெரிதாக இருக்கும். "என் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண்!" என்று திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். குழந்தை வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பும். கண்ணில் நீர் வடியும். கருவிழி வெளிறும். இதற்கு மருந்து போதாது. ஆபரேஷன்தான், அதுவும் சீக்கிரம். குழந்தையின் கண் சுவர் மிருதுவானது. அழுத்தத்தில் நீண்டுவிடும். ஆகவே ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் மைனஸ் பவர் மிஞ்சும். கைக்குழந்தைக்கும் கண்ணாடி போட வேண்டி வரும். நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைத்து, மற்றக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டி வரும். ஆபரேஷனோடு நிறுத்திவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும்.

மூன்று மாதம் கழித்து

தையற்காரருக்குப் பவர் பார்த்தார்கள். இடது கண்ணில் மைனஸ் முக்கால் குறைந்திருந்தது. சிதறல் பவர் கொஞ்சம் சேர்ந்திருந்தது. நான்காவது கண்ணாடி வாங்கினார். பெயர்ப்பலகை ஒன்றாகத் தெரிந்தது. இடப்பக்கக் கறுப்பு அப்படியே இருந்தது. கத்தரிக்கோலை இப்போது வலப்பக்கம் வைக்கிறார். சாலையைக் கடக்கும்போது தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடக்கிறார். தையல் இயந்திரத்தின் மேல் இன்னொரு விளக்கு மாட்டியிருக்கிறார்.

தம்பியையும் தங்கையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தம்பிக்குக் கண்ணில் குறை எதுவும் இல்லை. வருடம் ஒருமுறை வரச் சொன்னார்கள். தங்கைக்கு அழுத்தம் 25. நரம்பில் சேதம் தொடங்கியிருந்தது. பீல்டு படத்தில் இன்னும் கறுப்பு விழவில்லை. அவருக்கு இரவில் ஒரு சொட்டு மருந்து.

ஒரு வருடம் கழித்துத் தையற்காரரின் பழைய பீல்டு படத்தையும் புதிய படத்தையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் மருத்துவர். கறுப்புப் பகுதி இரண்டிலும் ஒரே அளவில் இருந்தது.

"மூன்று மாதம் கழித்து வாருங்கள். கண்ணாடியையும் கொண்டுவாருங்கள்" என்றார்.